உங்களுக்குத் தெரியுமா? நாகஸ்வரம் ஊதிய பாஸ்டன் ஜாஸ் கலைஞர்

அமெரிக்க ஜாஸ் மேடையில் ஆல்டோ சாக்ஸஃபோன் வாசித்துப் பெயர் வாங்கிய ஒருவர், நாற்பது வயதுக்கு மேல் நாகஸ்வரத்தைக் கையில் எடுத்து அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொண்டார். அவர் பெயர் சார்லி மரியானோ. சாக்ஸஃபோன், புல்லாங்குழல், ஷெனாய், நாகஸ்வரம் என்று காற்றுக் கருவிகள் பலவற்றைக் கையாண்டவர். பிறர் இசைத்தட்டுகளில் உடன் வாசிப்பதையே வாழ்க்கையின் பெரும்பகுதியாகக் கொண்டவர். ஜாஸ் கேட்காதவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இது. துணுக்குத் துணுக்காகப் பார்ப்போம்.

பாஸ்டன் பிள்ளை

1923 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். பெற்றோர் இத்தாலியின் ஃபால்லோ என்ற மலையூரிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். அவர்கள் வைத்த பெயர் கார்மைன் உகோ மரியானோ. நகரின் ஹைட் பார்க் பகுதியில் வளர்ந்தார். பள்ளி முடிந்ததும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தின் விமானப் பிரிவில் சேர்ந்தார்.

படித்த இடத்திலேயே வாத்தியார்

போர்ப் பணி முடிந்து திரும்பியவர் சேர்ந்த பள்ளி ஷில்லிங்கர் ஹவுஸ். லாரன்ஸ் பெர்க் 1945இல் பாஸ்டனில் தொடங்கியது. இன்று உலகெங்கும் இசை மாணவர்கள் கனவு காணும் பெர்க்லீ இசைக் கல்லூரி அதுதான். மரியானோ அங்கே மாணவராக நுழைந்தார். பிற்பாடு, 1965 முதல் 1971 வரை, அங்கேயே ஆசிரியராக இருந்தார்.

ஒரு பெயரின் நிழல்

1940களின் பிற்பகுதியில் ஆல்டோ சாக்ஸஃபோன் எடுத்த இளைஞர்கள் அனைவருக்கும் ஒரே சோதனை. சார்லி பார்க்கர் என்ற மேதை அந்தக் கருவியில் புதிய இலக்கணமே எழுதி வைத்திருந்தார். அவரைப் பின்பற்றாமல் வாசிக்க முடியாது. பின்பற்றினால் நகல் என்ற பெயர் வந்துவிடும். மரியானோவும் பார்க்கரின் வேகத்தையும் சொற்கட்டையும் உள்வாங்கியவர்தான். ஆனால் அவருடைய நாதத்தில் ஓர் அழுகை இருந்தது. சுரத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி, இழைந்து மேலேறி அதைத் தொடுவார். பின்னாளில் நம் இசை அவரை ஈர்த்ததற்கு விதை இதில்தான் இருந்திருக்க வேண்டும்.

சொந்தப் பள்ளிக்கூடம்

1953இல் டிரம்பெட் கலைஞர் ஹெர்ப் பாமராய், பியானோ கலைஞர் ரே சான்டிசி உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து பாஸ்டனில் ‘ஜாஸ் ஒர்க்‌ஷாப்’ என்ற பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். மேடையில் எப்படி வாசிப்பது என்பதை மேடைக் கலைஞர்களே சொல்லித்தரும் இடம். அதே ஆண்டில்தான் அவருக்கு ஒரு பெரிய அழைப்பு வந்தது.

கென்டன் பட்டாளம்

அழைத்தவர் ஸ்டான் கென்டன். அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய, மிக உரத்த இசைக்குழுக்களில் ஒன்றின் தலைவர். 1953 முதல் 1955 வரை மரியானோ அந்தக் குழுவில் இருந்தார். பித்தளை வாத்தியங்களின் முழக்கத்துக்கு நடுவே ஒற்றை ஆல்டோ சாக்ஸஃபோன் கேட்க வேண்டும் என்றால் நாதத்தில் பலம் வேண்டும். 1955இல் பதிவான ‘கன்டெம்பரரி கான்செப்ட்ஸ்’ தட்டில், ‘ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்’ என்ற பழைய திரைப்பட மெட்டை இசைக்கோப்பாளர் பில் ஹோல்மன் மரியானோவை முன்னிறுத்தியே அமைத்தார். குழுவுக்குள் ஒருவராக இருப்பது, தனியாக முன்னால் வந்து நிற்பது, மறுபடி குழுவுக்குள் கரைவது: மூன்றையும் அவர் அங்கே பழகினார்.

இரட்டைக் கருவி, கூடுதல் கூலி

ஒலிப்பதிவுக் கூடங்களில் காற்றுக் கருவிக்காரர்களுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. சாக்ஸஃபோனோடு கிளாரினெட், புல்லாங்குழல் என்று வேறு கருவிகளையும் வாசிப்பதை அங்கே ‘டபுளிங்’ என்பார்கள். ஒரே ஆள் பாட்டின் நடுவில் கருவி மாற்றினால் இன்னோர் ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. அதனால் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தங்களிலேயே இரண்டாவது கருவிக்குக் கூடுதல் ஊதியம் எழுதப்பட்டிருக்கிறது. நம் சினிமா ஒலிப்பதிவிலும் இப்படிப் பல கருவி வாசிப்பவர்களுக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

வாய் ஒன்று, வேலை மூன்று

கருவி மாற்றுவது கேட்பதற்குச் சுலபம். சாக்ஸஃபோனில் மேல்பல் ஊதுமுனையின் மீது பதியும். கீழுதடு ஒற்றை நாணல் நாக்கை அணைக்கும். புல்லாங்குழலில் நாக்கே கிடையாது. உதட்டைக் குவித்து, துளையின் விளிம்பில் காற்றை வெட்ட வேண்டும். ஷெனாயிலும் நாகஸ்வரத்திலும் சீவாளியை இரண்டு உதடுகளுக்கு நடுவே பிடிக்க வேண்டும். ஒன்றில் ஊறிய உதட்டுத் தசை அடுத்த கருவியில் உடனே ஒத்துழைக்காது. ஒலிப்பதிவில் இந்த மாற்றத்துக்குக் கிடைப்பது சில விநாடிகள்.

‘ச’ என்று எழுதினால் ‘ச’ வராது

சாக்ஸஃபோன் குடும்பத்தில் ஒரு விநோதம் உண்டு. மேற்கத்திய நொட்டேஷனில் ‘சி’ என்று எழுதியிருப்பதை ஆல்டோ வாசித்தால், பியானோக்காரர் காதில் அதற்குக் கீழேயுள்ள ‘ஈ ஃபிளாட்’ கேட்கும். அதையே சோப்ரானோவில் வாசித்தால் ‘பி ஃபிளாட்’ கேட்கும். புல்லாங்குழலில் எழுதியது எழுதியபடி வரும். மூன்றையும் மாற்றி மாற்றி வாசிப்பவர் தாளைப் பார்த்த கணமே எந்தச் சுருதியில் நிற்கிறோம் என்று கணக்குப் போட்டாக வேண்டும்.

பித்தளையில் செய்த மரக் கருவி

சாக்ஸஃபோன் பித்தளையில் செய்யப்பட்டாலும் அது ‘மரக்காற்றுக் கருவி’ வகையைச் சேர்ந்தது. காரணம், ஒலியை உண்டாக்குவது நாணலில் சீவிய நாக்கு. பெல்ஜியத்தின் டினான் ஊரில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் கண்டுபிடித்து, 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்றார். முனையில் குறுகி அடியில் விரியும் கூம்புக் குழல் அது. நாகஸ்வரமும் கூம்புக் குழல்தான். கிளாரினெட்டில் அழுத்தி ஊதினால் சுரம் மேல் ஸ்தாயியையும் தாண்டிப் பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும். நாகஸ்வரமும் சாக்ஸஃபோனும் அப்படியல்ல; இரண்டிலும் அதே விரல் வைப்பில் மேல் ஸ்தாயி பேசும். பிறந்த இடம் வெவ்வேறு. உடற்கூறில் இரண்டும் நெருங்கிய உறவு.

சதுரங்க ராகமாலிகை

கென்டனை விட்டு வந்த பிறகு, லாஸ் ஏஞ்சலிஸில் டிரம்ஸ் கலைஞர் ஷெல்லி மான் குழுவில் சில ஆண்டுகள் வாசித்தார். அங்கே மரியானோவின் இன்னொரு முகம் தெரிந்தது. ‘தி கேம்பிட்’ என்ற தலைப்பில் நான்கு பகுதிகள் கொண்ட நீண்ட இசைத் தொடரை அவர் அமைத்தார். ராணிப் பக்கச் சிப்பாய் நகர்வில் தொடங்கி, கோட்டை கட்டுவதைக் கடந்து, ‘செக்மேட்’டில் முடியும் தொடர். ஷெல்லி மானின் 1958ஆம் ஆண்டுத் தட்டுக்கு அதுவே பெயராக அமைந்தது.

ஜப்பானிய இணை

டோஷிகோ அகியோஷி, மஞ்சூரியாவில் பிறந்த ஜப்பானியப் பியானோ கலைஞர். 1956இல் பெர்க்லீயில் படிக்க வந்தவர். 1959இல் மரியானோவும் அவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு, இருவர் பெயரையும் தாங்கிய ‘டோஷிகோ மரியானோ குவார்டெட்’ இசைத்தட்டு பதிவானது. தம்பதியர் சில காலம் ஜப்பானிலும் வாழ்ந்தார்கள். 1967இல் மணவாழ்க்கை முடிவுக்கு வந்தது. அகியோஷி பின்னர் பெரிய இசைக்குழு ஒன்றை நடத்தி உலகப் புகழ் பெற்றார். தேசம் விட்டுத் தேசம் போய் அந்த ஊர் இசையோடு வாழும் பழக்கம் மரியானோவுக்கு முதலில் அமைந்தது ஜப்பானில்தான்.

ஒலிநாடா மீது ஒரு தனி ஆவர்த்தனம்

1963 ஜனவரி 20. ஜாஸ் பாஸ் கலைஞரும் இசையமைப்பாளருமான சார்லஸ் மிங்கஸ் நியூயார்க்கில் பதினொரு பேர் குழுவை வைத்து ஒரு நீண்ட படைப்பைப் பதிவு செய்தார். பெயர் ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’. பாலே நடனத்துக்கு உரிய வடிவில் ஆறு பகுதிகள். ஆல்டோ சாக்ஸஃபோன் மரியானோ.

பதிவு முடிந்த பிறகும் மிங்கஸுக்கு மனம் நிறையவில்லை. மரியானோவை மறுபடி அழைத்தார். ஏற்கெனவே பதிவான ஒலிநாடா ஓட, அதைக் கேட்டுக்கொண்டே மேலே சாக்ஸஃபோனைச் சேர்த்து வாசித்தார் மரியானோ. இன்று சினிமாப் பாட்டுகள் எல்லாமே இப்படித்தான் அடுக்கடுக்காகப் பதிவாகின்றன. அன்றைய ஜாஸில் அது அபூர்வம். எல்லோரும் ஒரே அறையில் ஒன்றாக வாசிப்பதுதான் ஜாஸின் உயிர் என்று கருதிய காலம்.

ஒரு வித்வான் மேடையில் பக்கவாத்தியக்காரரைப் பார்த்து வாசிக்கிறார். அவர் தலையசைப்பில், கண்ணில் அடுத்த அடி தெரிகிறது. ஒலிநாடா தலையசைக்காது. அது தன் போக்கில் ஓடும். அதோடு உயிருள்ள ஒருவரிடம் பேசுவதுபோல் மரியானோ பேசினார். தட்டைக் கேட்பவர்களுக்கு எது முதலில் பதிவானது, எது பிறகு சேர்ந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். மிங்கஸின் உச்சப் படைப்புகளில் ஒன்றாக இது இன்றும் மதிக்கப்படுகிறது. அதில் அழுது, கெஞ்சி, வெடிக்கும் அந்த ஆல்டோ மரியானோவுடையது.

உளவியல் நிபுணர் எழுதிய குறிப்பு

அந்தத் தட்டின் உறையில் இசை விமர்சகரின் பாராட்டுரை இல்லை. மிங்கஸ் தானே ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். தனக்குச் சிகிச்சை அளித்த உளவியல் நிபுணர் எட்மண்ட் பொல்லக்கிடமும் ஒன்று கேட்டு வாங்கிச் சேர்த்தார். அதே குழுவில் இருந்த ஜெரோம் ரிச்சர்ட்சன் சோப்ரானோ, பாரிடோன், புல்லாங்குழல் மூன்றும் வாசித்தார். பல கருவிக் கலைஞர்கள் இல்லாமல் பதினொரு பேரில் அத்தனை வண்ணங்களைக் கொண்டுவந்திருக்க முடியாது.

இன்னும் இரண்டு அழைப்புகள்

அதே 1963 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழா. பியானோ கலைஞர் மெக்காய் டைனருடன் மேடையேறினார் மரியானோ. அது ‘லைவ் அட் நியூபோர்ட்’ தட்டாக வந்தது. 1965இல் டிரம்ஸ் மேதை எல்வின் ஜோன்ஸ் ‘டியர் ஜான் சி.’ தட்டைப் பதிவு செய்தபோதும் ஆல்டோ அவரே. டைனர், ஜோன்ஸ் இருவரும் சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் புகழ்பெற்ற குழுவின் தூண்கள். அவர்கள் தங்கள் சொந்தத் தட்டுக்கு ஆல்டோ தேடியபோது மரியானோ நினைவுக்கு வந்தார் என்பதே அன்று அவருக்கு இருந்த இடத்தைச் சொல்கிறது.

கோலாலம்பூரில் காதில் விழுந்தது

1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலியின் இசைக்குழுவோடு பணியாற்ற மரியானோ கோலாலம்பூர் போனார். மலேசியத் தமிழர்களின் கோயில்களில் நாகஸ்வரம் ஒலிக்கும் ஊர் அது. தோட்டங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் வேலைக்குப் போன தமிழர்கள் தங்கள் தெய்வங்களோடு மேளத்தையும் எடுத்துப் போயிருந்தார்கள். பெர்க்லீயில் பாடம் நடத்திய, மிங்கஸோடு வாசித்த அந்த மனிதருக்கு நாகஸ்வரம் முதலில் அறிமுகமானது தஞ்சாவூரில் இல்லை. புலம்பெயர்ந்த தமிழர்களின் மண்ணில்.

வேறு யாராவது என்றால் வியந்து கேட்டு, ஒலிநாடாவில் பதிந்துகொண்டு ஊர் திரும்பியிருப்பார்கள். மரியானோ கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். பின்னர் அதற்காகவே தென்னிந்தியாவுக்கு வந்து தங்கிப் பயின்றார். நாற்பது வயதுக்கு மேல், ஒரு கருவியில் உச்சம் தொட்ட பிறகு, இன்னொன்றில் சரளி வரிசை வாசிக்கத் துணிவது சின்ன விஷயம் இல்லை. கை தடுமாறும், சுருதி விலகும், பக்கத்தில் இருக்கும் சின்னப் பையன் நம்மைவிட நன்றாக வாசிப்பான். அதற்கெல்லாம் அவர் தயாராக இருந்தார். பல கருவி வாசிப்பவர் என்று அவரைச் சொல்வதைவிட, பலமுறை மாணவரானவர் என்று சொல்வதே பொருத்தம்.

சாவி இல்லாத கருவி

சாக்ஸஃபோன் கலைஞருக்கு நாகஸ்வரத்தில் எது புதிது? முதலில், சாவிகள் இல்லை. சாக்ஸஃபோனில் விரல் ஒரு சாவியை அழுத்தும். தோல் வைத்த மூடி துளையை முழுக்க மூடும். நாகஸ்வரத்தில் ஏழு துளைகளையும் விரலே நேரடியாக மூட வேண்டும். அதில்தான் சிரமமும், அதில்தான் சுகமும். துளையைக் காலே அரைக்கால் மூடலாம், விரலை உருட்டலாம். அதோடு மூச்சின் அழுத்தமும் சீவாளி மீது உதட்டின் பிடியும் சேரும்போது, இரண்டு சுரங்களுக்கு நடுவிலுள்ள இடமெல்லாம் பேசும். தோடியின் காந்தாரத்தை நாகஸ்வரத்தில் கேட்டவர்களுக்கு இது புரியும். இளமையிலிருந்தே சுரத்தை இழைத்துத் தொட்ட மரியானோவுக்கு, இழைப்பதையே இலக்கணமாக வைத்திருக்கும் கருவி கிடைத்தது.

சீவாளியும் ஆச்சா மரமும்

நாகஸ்வரத்தின் உடல் ஆச்சா மரம். கும்பகோணத்துக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் கடைந்தெடுப்பது பேர்போனது. 2022இல் புவிசார் குறியீடும் பெற்றது. நாணல் வகைத் தட்டையில் செய்யும் சீவாளிக்குத் திருவாவடுதுறை புகழ்பெற்ற ஊர். சீவாளியைக் ‘கெண்டை’ என்னும் உலோகக் குழலில் பொருத்துவார்கள். மாற்றுச் சீவாளிகளும், அதன் வாயைச் சரிசெய்யும் ஊசியும் கருவியிலேயே நூலில் தொங்கும். விரல் துளைகளுக்குக் கீழே நாதத்தைச் சீராக்கும் துளைகள் தனியாக உண்டு. அவற்றில் தேவையானதை மெழுகால் அடைத்துக்கொள்வார்கள். சாக்ஸஃபோன்காரரும் தன் நாக்கைச் சீவி, நனைத்து, வெயிலுக்கும் குளிருக்கும் பார்த்துப் பார்த்து மாற்றுபவர்தான். அந்தக் கவலை மட்டும் மரியானோவுக்குப் புதிதாக இருந்திருக்காது.

ராக் குழுவில் நாகஸ்வரம்

1971இல் அமெரிக்காவை விட்டு ஐரோப்பாவுக்குப் போனார். கடைசியில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நிலைத்தார். அந்தக் காலத்தில் ஜெர்மன் இளைஞர்கள் ராக் இசையை உலக இசைகளோடு கலந்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். முனிக்கின் ‘எம்ப்ரியோ’ குழு அவர்களில் முன்னோடி. அந்தக் குழுவின் ‘வீ கீப் ஆன்’ தட்டில் மரியானோ சாக்ஸஃபோன், புல்லாங்குழலோடு நாகஸ்வரமும் வாசித்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய ஐம்பது வயது. உடன் வாசித்தவர்கள் இளைஞர்கள்.

ஒரு குழு, பல நாடு

1974இல் ‘போர்க் பை’ என்ற குழுவின் முதல் தட்டு ‘ட்ரான்சிடரி’ வந்தது. கீபோர்டு நெதர்லாந்தின் யாஸ்பர் வான்ட் ஹோஃப். கிட்டார் பெல்ஜியத்தின் ஃபிலிப் கேதரின். டிரம்ஸ் இத்தாலியில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த ஆல்டோ ரொமானோ. சாக்ஸஃபோன் நம்மவர்.

ஒரே தட்டில் ஷெனாயும் நாகஸ்வரமும்

ஜெர்மன் பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபர் 1975இல் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ தட்டை முனிக்கின் ஈ.சி.எம். நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். மரியானோவின் பெயருக்கு எதிரே உறையில் இருப்பவை மூன்று: சோப்ரானோ சாக்ஸஃபோன், ஷெனாய், நாகஸ்வரம். மின்சாரப் பியானோவும், வெபர் தனக்கெனச் செய்துகொண்ட மின்சார பாஸும் ஏரி நீர் போலப் பரவியிருக்கும் இசை அது. திறந்தவெளிக்கென்று பிறந்த, யானைக்கும் தேருக்கும் முன்னால் முழங்கும் கருவி அந்த அமைதிக்குள் எப்படி நுழையும்? மரியானோ வேகத்தையும் முழக்கத்தையும் விட்டுவிட்டு நீண்ட மூச்சைப் பிடித்துக்கொண்டார். கருவி ஊருக்குப் புதிது என்பது காதை உறுத்துவதில்லை.

பன்னிரண்டு மரங்கள்

1976இல் தன் பெயரிலேயே ‘ஹெலன் 12 ட்ரீஸ்’ தட்டை வெளியிட்டார். உடன் வாசித்தவர்கள்: மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்த யான் ஹாமர், ‘க்ரீம்’ ராக் குழுவின் பாஸ் கலைஞர் ஜாக் புரூஸ், போலந்தின் வயலின் மேதை ஸ்பிக்னியெவ் ஸைஃபர்ட், டிரம்ஸில் ஜான் மார்ஷல். இதிலும் நாகஸ்வரம் உண்டு.

டி.வி.யில் பிறந்த இசைக்குழு

1975இல் ஒரு ஜெர்மன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் சேர்ந்த கலைஞர்கள் பிரிய மனமில்லாமல் குழுவாகவே தொடர்ந்தார்கள். பெயர் ‘யுனைடெட் ஜாஸ் அண்ட் ராக் என்செம்பிள்’. எபர்ஹார்ட் வெபர், பியானோவில் வொல்ஃப்காங் டவுனர், டிராம்போனில் ஆல்பர்ட் மாங்கெல்ஸ்டோர்ஃப், டிரம்பெட்டில் கென்னி வீலர் என ஒவ்வொருவரும் தனித்தனியே குழு நடத்தும் தலைவர்கள். சாக்ஸஃபோன் பிரிவில் மரியானோவோடு இங்கிலாந்தின் பார்பரா தாம்ப்சன். அவரும் சாக்ஸஃபோன் வகைகளோடு புல்லாங்குழல் வாசித்தவர். 1977இல் வந்த ‘லைவ் இம் ஷூட்சன்ஹவுஸ்’, ஜெர்மன் ஜாஸ் தட்டுகளில் மிக அதிகம் விற்றவற்றுள் ஒன்று.

‘ஜோதி’

பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன், 1964இல் தொடங்கிய தாளவாத்தியப் பள்ளி. மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி அதை நடத்தினார். பாடகி ஆர்.ஏ. ரமாமணி அதன் குரல். 1983இல் இவர்களும் மரியானோவும் சேர்ந்து ‘ஜோதி’ தட்டை ஈ.சி.எம்.முக்குப் பதிவு செய்தார்கள். மிருதங்கம், கடம், மோர்சிங், கஞ்சிரா, கொன்னக்கோல், தம்புரா. அவற்றின் நடுவே ஓர் அமெரிக்கரின் காற்று.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஐரோப்பிய ராக் குழுவோடும் வெபரோடும் நாகஸ்வரம் வாசித்த மரியானோ, கர்நாடக இசைக் கலைஞர்களோடு உட்கார்ந்தபோது நாகஸ்வரத்தை எடுக்கவில்லை. சாக்ஸஃபோனும் புல்லாங்குழலும்தான் வாசித்தார். இதை நான் பணிவாகவும் தன்மானமாகவும் பார்க்கிறேன். அவர்கள் வீட்டில் அவர்கள் கருவியைக் காட்டிப் பெயர் வாங்க அவர் நினைக்கவில்லை. நாகஸ்வரம் கற்றுத்தந்ததைத் தன் சொந்தக் கருவியில் பேசிக் காட்டினார். ரமாமணியின் குரல் ஒரு பிடி பிடிக்க, சாக்ஸஃபோன் அதைத் தன் பாஷையில் திருப்பிச் சொல்லும் இடங்களைக் கேட்டால் தெரியும்: இதைச் சாத்தியமாக்கியது பல வருஷச் சாதகம்.

சென்னைத் தாளம், லெபனான் தந்தி

சென்னையில் பிறந்து, ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்து, பின்னர் தவில் முதலான நம் தாளவாத்தியங்களைக் கற்று ஜெர்மனியில் குடியேறியவர் ரமேஷ் ஷோத்தம். லெபனானின் ஊத் கலைஞர் ரபி அபு கலில் 1992இல் வெளியிட்ட ‘ப்ளூ கேமல்’ தட்டில் ஷோத்தமின் தென்னிந்தியத் தாளமும் மரியானோவின் ஆல்டோவும் ஒன்றாக ஒலிக்கின்றன. அரபு மெட்டு, தமிழ்நாட்டுத் தாளம், பாஸ்டன் சாக்ஸஃபோன். மரியானோவுக்கு அப்போது 68, 69 வயது.

எதிர்ச்சாலையில் ஒருவர்

சாக்ஸஃபோனிலிருந்து மரியானோ நாகஸ்வரத்துக்கு வந்தார். நாகஸ்வரத்திலிருந்து சாக்ஸஃபோனுக்குப் போனவர் கத்ரி கோபால்நாத். தந்தை நாகஸ்வரக் கலைஞர். மைசூர் அரண்மனை பேண்டு வாத்தியக் குழுவில் சாக்ஸஃபோன் கேட்டு, அதையே கர்நாடக இசைக்கு வசப்படுத்தினார். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். 1994இல் வந்த ‘டூயட்’ படத்தின் சாக்ஸஃபோன் இவருடையது. அதே ஆண்டு லண்டனின் பி.பி.சி. ப்ராம்ஸ் விழாவிலும் வாசித்தார். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் இவரோடு மேடையில் இணைந்த ஜான் ஹேண்டி, மரியானோவைப் போலவே மிங்கஸ் குழுவில் வாசித்தவர்!

மகளும் ஊதுகிறார்

மரியானோ, அகியோஷி தம்பதியின் மகள் மண்டே மிச்சிரு 1963இல் டோக்கியோவில் பிறந்தார். பாடகி, பாடலாசிரியர், புல்லாங்குழலும் வாசிப்பார். 1990களில் ஜப்பானிய ஜாஸ் நடன இசையில் முன்னணிப் பெயர்.

கடைசிவரை வாசிப்பு

2001இல் வந்த ‘டீப் இன் எ ட்ரீம்’ தட்டில் மெதுவான பழைய அமெரிக்க மெட்டுகளுக்குத் திரும்பினார். எல்லா நாட்டுக் காற்றையும் சுவாசித்துவிட்டு வாசிக்கும் அந்த மெட்டுகளில் வேகமும் வித்தையும் குறைவு. ஒவ்வொரு சுரத்துக்கும் தரும் அவகாசம் அதிகம். 2009 ஜூன் 16 அன்று கொலோனில், 85ஆம் வயதில், புற்றுநோயால் காலமானார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

மூன்று தட்டுகள் போதும். முதலில் ‘ஜோதி’: நம் காதுக்கு மிக அருகில் இருப்பது. அடுத்து ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’: சீவாளியின் நாதம் புது வீட்டில் எப்படி வாழ்கிறது என்று காட்டும். மூன்றாவதாக ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’: கொஞ்சம் பொறுமை கேட்கும், பத்து மடங்காகத் திருப்பித் தரும். இசை கற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட உட்கார வைத்துக் கேளுங்கள். உச்சத்துக்குப் போன ஒருவர் மறுபடி முதல் பாடத்தில் உட்கார்ந்ததால் கிடைத்த இசை இது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.